எழுத்தில் கொடுங்கள், ஐயா!

"தம்பி, ஐயா உங்களைப் பார்க்கணும்னு சொன்னாங்க. ஒண்ணுமில்ல, சும்மா ரெண்டு வார்த்தை பேசத்தான். சாயங்காலம் ஸ்டேஷன் பக்கம் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்துக் கலெக்டரிடம் மனு கொடுத்தவரா நீங்கள்? பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் டாஸ்மாக் கடை வேண்டாமென்று தெருவில் உட்கார்ந்தவரா? தூய்மைப் பணியாளர்களுக்குச் சங்கம் கட்டியவரா? அப்படியானால் இந்த அழைப்பு ஒருநாள் உங்களுக்கும் வரும். பேசுகிறவர் பெரும்பாலும் தனிப்பிரிவு ஏட்டாக இருப்பார். உங்கள் தெருவும் தெரியும், அப்பா பெயரும் தெரியும். குரலில் அத்தனை கனிவு இருக்கும். டீ சாப்பிட்டுக்கொண்டே பேசலாம் என்பார்.

அந்த நொடி நெஞ்சு படபடக்கும். படபடக்கட்டும்! பயப்படுவது குற்றமில்லை. பயந்த வேகத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு, வீட்டில்கூடச் சொல்லாமல், தனியாகப் போய் நிற்கிறீர்களே, அதுதான் ஆபத்து. மூச்சை நிதானமாக இழுத்து விட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள்: "எந்த வழக்கு, நான் சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவனா என்று எழுத்தில் கொடுங்கள், ஐயா. வழக்கறிஞரோடு வருகிறேன்." குரலை உயர்த்தத் தேவையில்லை. வாக்குவாதம் வேண்டாம். அவர் மறுபடியும் கனிவாகப் பேசினால், நீங்களும் மறுபடியும் இதையே கனிவாகச் சொல்லுங்கள்.

இப்படிக் கேட்பதை யாரும் திமிர் என்று சொல்ல முடியாது. சட்டமே இதைத்தான் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179ஆம் பிரிவைப் பாருங்கள். விசாரணை அதிகாரி ஒருவரைச் சாட்சியாக அழைக்க வேண்டுமானால் எழுத்துமூலம் ஆணையிட வேண்டும். அழைக்கப்படுகிறவர் அந்தக் காவல் நிலைய எல்லையிலோ அடுத்த நிலைய எல்லையிலோ இருப்பவராக இருக்க வேண்டும். பெண்களையும், அறுபது வயதைக் கடந்தவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையான நோயில் இருப்பவர்களையும் அவர்கள் குடியிருக்கும் இடத்தைவிட்டு வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. உங்கள் மேலேயே சந்தேகமென்றால் 35(3) பிரிவின்கீழ் நோட்டீஸ் தர வேண்டும். அதையும் வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் சென்னை உயர் நீதிமன்றமோ, விசாரணைக்குக் கூப்பிட்டால் நாளும் நேரமும் குறித்து எழுத்தில் சம்மன் கொடு, நடந்ததை நிலையப் பொதுநாட்குறிப்பில் எழுது, விசாரணை என்ற பெயரில் துன்புறுத்தாதே என்று வழக்குக்கு வழக்கு உத்தரவிட்டிருக்கிறது.

"சும்மா வந்துட்டுப் போங்க" என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பக்கமே கிடையாது. பக்கம் இல்லாத இடத்துக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

"நான்தான் தப்பே செய்யலையே, பேசினா என்ன?" என்று கேட்பீர்கள். நல்லவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நல்லவர்களைப் பேச வைப்பதும் இதே நினைப்புதான். அங்கே என்ன கேட்பார்கள் தெரியுமா? உங்கள் குற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்க மாட்டார்கள். மைக்செட் யார் வைத்தார்கள்? வேனுக்கு யார் காசு கொடுத்தார்கள்? மதுரையிலிருந்து வந்த அந்தப் பெண் யார்? அடுத்த கூட்டம் யார் வீட்டில்? நீங்கள் வெள்ளந்தியாக நான்கு பேர் பெயரைச் சொல்லிவிட்டு வீடு திரும்புவீர்கள். மறுநாள் மைக்செட்காரருக்கு போன் போகும். அடுத்த கூட்டத்துக்கு அவர் மைக் தர மாட்டார். வேன்காரர் வண்டி ரிப்பேர் என்பார். வாடகை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்வார். ஒரு வழக்கும் போடாமல், ஒருவரையும் அடிக்காமல், ஒரு போராட்டம் இப்படிக் கரைந்துபோகும். அதற்குத் தேவைப்பட்டது ஒரு டீயும், உங்கள் நல்ல மனசும்தான்!

அதைவிடக் கொடியது இன்னொன்று இருக்கிறது. நீங்கள் அங்கே போனது தெரிந்ததும் கூட இருப்பவர்கள் மனதில் ஒரு முள் விழும். 'உள்ளே என்ன சொல்லிவிட்டு வந்தாரோ?' நீங்கள் வாயே திறந்திருக்க மாட்டீர்கள். முள் மட்டும் போகாது. அதனால், அழைப்பு வந்த அன்றே தோழர்களைக் கூட்டி, யார் அழைத்தார், எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதிப் பொதுவில் வையுங்கள். மறைத்துவைக்கும் அழைப்பைத்தான் பிளவுக்குப் பயன்படுத்துவார்கள்.

1977இல் ஒடிசாவில் நடந்தது ஒவ்வொரு செயல்பாட்டாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் நந்தினி சத்பதி. பதவி போன பிறகு, ஊழல் தடுப்புப் போலீசார் அவரைக் கட்டாக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, எழுதி வைத்த ஒரு நீண்ட கேள்விப் பட்டியலை நீட்டினார்கள். பதில் சொல்ல மாட்டேன் என்றார். பதில் சொல்லாததே குற்றமென்று வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1978இல் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். பாலக்காட்டுக்காரர், 1957இல் கேரள அமைச்சரவையில் உள்துறையையும் சிறையையும் பார்த்தவர். போலீஸ் எப்படி வேலை செய்யும் என்று உள்ளேயிருந்து அறிந்த மனிதர். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு நீதிமன்றக் கூண்டில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணை தொடங்கும்போதே உங்களைக் காக்கிறது என்றார். பெண்ணை நிலையத்துக்கு வரவழைத்ததே சட்டமீறல் என்றார். வழக்கறிஞர் பக்கத்தில் இருக்க விட வேண்டும் என்றார். அதே சமயம், தன்னைக் குற்றத்தில் மாட்டிவைக்காத கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வரியையும் மறக்காதீர்கள். மௌனத்துக்கும் எல்லை உண்டு, அந்த எல்லை எதுவென்று காட்டத்தான் வழக்கறிஞர்.

ஊழல் வழக்கில் சிக்கிய ஒரு முன்னாள் முதலமைச்சர் வாங்கிக் கொடுத்த உரிமை, ஏரிக்காகப் போராடும் உங்களுக்கு இல்லாமல் போய்விடுமா?

முறையான நோட்டீஸ் வந்துவிட்டால் போயே ஆக வேண்டும். ஓடி ஒளியாதீர்கள்; ஒளிந்தால் கைது செய்ய அவர்கள் கையில் நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும். போங்கள், நெஞ்சை நிமிர்த்திப் போங்கள், வழக்கறிஞரோடு போங்கள். பொய் மட்டும் சொல்லாதீர்கள். உங்களைக் குற்றத்தில் மாட்டிவைக்கும் கேள்விக்குப் பேசாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, பொய் சொல்லக் கிடையாது. புலன்விசாரணையில் போலீசிடம் நீங்கள் சொன்னதை எழுதினால் அதில் உங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 181ஆம் பிரிவு சொல்கிறது. வெள்ளைத் தாளை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் கேட்டால், எந்த ஆணையின்படி என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டால் மகசர் எழுதி நகல் தரச் சொல்லுங்கள். இழுபறி செய்யாதீர்கள். அமலாக்கத் துறை சம்மன் வந்தால் மட்டும் கணக்கு வேறு. அங்கே சொல்வது உங்களுக்கு எதிராகவே சாட்சியமாகலாம். வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு வரியும் பேசாதீர்கள்.

ஏன் தனியாகப் போகாதே என்று இவ்வளவு அடித்துச் சொல்கிறேன்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ் என்பவரைப் போலீசார் கூட்டிப் போனார்கள். அப்பாவைத் தேடி, செல்போன் கடை வைத்திருந்த மகன் பென்னிக்ஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இருவருமே உயிரோடு வீடு திரும்பவில்லை. 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்து மடப்புரத்தில், நகை காணாமல் போன புகாரில் விசாரணைக்கென்று அழைத்துப்போன கோயில் காவலாளி அஜித்குமார், போலீசாரின் பிடியிலேயே இறந்தார். இவர்கள் யாரும் போராளிகள்கூட இல்லை, சாதாரண மனிதர்கள். ஆகவே வாசல் வரைக்காவது இரண்டு பேர் வரட்டும். உள்ளே போன நேரத்தை வெளியே நிற்பவர் குறித்துக்கொள்ளட்டும். கைது என்று சொல்லிவிட்டால் கைது குறிப்பாணையும், உறவினருக்குத் தகவலும், மருத்துவப் பரிசோதனையும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவதும் கட்டாயம். இவற்றை வலியுறுத்திய உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு டி.கே. பாசு வழக்குத் தீர்ப்பைக் காட்டிக் கேட்க, வெளியே ஆள் வேண்டும்.

தோழர்களே, காக்கிச் சட்டையைப் பார்த்துத் தலை தாழ்வது நமக்குத் தலைமுறைப் பழக்கமாகிவிட்டது.  ஆனால் அந்தச் சட்டைக்கு எதிராகப் பேச நமக்குச் சட்டம் இருக்கிறது! அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் மட்டும்தான் பாக்கி. முதல் தடவை குரல் நடுங்கும். நடுங்கிக்கொண்டே சொல்லுங்கள். நீங்கள் சொன்னதைக் கேட்ட பக்கத்துத் தெருப் பையன் நடுங்காமல் சொல்வான்.

இன்றைக்கே இதைச் செய்யுங்கள். உங்கள் வழக்கறிஞரின் எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் ஒருவர் கையில் கொடுங்கள். போனைப் பிடுங்கிக்கொண்டால் அதிலிருக்கும் எண் உதவாது. வழக்கறிஞரே தெரியாதென்றால் 15100க்கு அழையுங்கள், அது இலவசச் சட்ட உதவி எண். இல்லையென்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் எங்கே என்று கேட்டு, அழைப்பு வருவதற்கு முன்பே ஒரு தடவை போய்வாருங்கள்.