சாட்சி இல்லாத இரவு

ஊர்க் கண்ணுக்கு அஞ்சித்தான் மனிதன் ஒழுங்காக இருக்கிறான் என்று ஒரு கட்சி உண்டு. அதைச் சோதித்துப் பார்க்க பெர்லின் தோதான இடம். மதுக்கடைகளை இன்ன நேரத்தில் மூடவேண்டும் என்ற விதியை மேற்கு பெர்லின் 1949-லேயே எடுத்துவிட்டது. விடிய விடிய ஆட்டமும் பாட்டும். என்னைத் தெரிந்தவர் அங்கே ஒருவருமில்லை. அந்தச் சுதந்திரம் இனித்தது; மறைப்பானேன்?

தங்கியது ஹாஸ்டலில், அடுக்குக் கட்டில்கள், ஓர் அறையில் எட்டுப் பேர். இத்தகைய விடுதிகளுக்கு வித்திட்டவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். 1912-இல் அல்டேனா கோட்டையில் அவர் தொடங்கிய விடுதியின் வழிவந்த பல இடங்களில், இரவானால் கதவை அடைத்துவிடுவார்கள். நான் இருந்த இடத்தில் அந்தக் கட்டுப்பாடும் இல்லை.

விடியற்காலை மூன்று மணி. தூக்கம் வராமல் கிடந்தேன். ஆடிக் களைத்துத் திரும்பிய ஓர் இளைஞன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, விளக்கைப் போடாமல், பூனைபோல் ஏணியேறிப் படுத்தான். தூங்குகிறவர்களின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அவன் செய்த உபகாரம் அவர்களுக்கும் தெரியாது. சற்றுப் பின்னால் வந்தவன் பளிச்சென்று விளக்கைப் போட்டான். இருவரும் வந்தது ஒரே ஆட்டத்திலிருந்துதான்!

ஊர்வாய்க்கு அஞ்சுவது வேறு, உடனிருப்பவனை நினைப்பது வேறு. முன்னது நம் தெருமுனையோடு நின்றுவிடுகிறது. பின்னது நம்மோடு எல்லை தாண்டி வருகிறது. இரவுக் கேளிக்கையைப் பழிப்பவர்கள் அந்த முதல் பையனையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.