தஸ்னிம் ஜாராவும் ஒரு விழுக்காடு கையெழுத்தும்

முதல்நிலைச் சிகிச்சை தரும் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரம் எவ்வளவு என்று 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2017இல் ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ இதழில் வந்தது. சுவீடனில் 22 நிமிடத்துக்கு மேல். பட்டியலின் அடியில் வங்கதேசம்: 48 விநாடி. பெயரைச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று காட்டி முடிப்பதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடும். இந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்க அதில் இடமே இல்லை.

இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் தஸ்னிம் ஜாரா என்ற இளம் மருத்துவரின் வங்கமொழி வீடியோக்கள் ஏன் அப்படிப் பரவின என்பது விளங்கும். டாக்கா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு பிரிட்டனுக்குப் போனவர் அவர். அங்கே அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனையில் வேலை, ஆக்ஸ்ஃபோர்டில் சான்றுவழி மருத்துவத்தில் முதுகலை. கொரோனா வந்தபோது வங்கமொழி பேசுவோரிடையே வெந்நீர், மூலிகை என்று வதந்திகள் கொடிகட்டிப் பறந்தன. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று கேமராவைப் பார்த்து நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். 2021இல் தடுப்பூசி மீதான நம்பிக்கையை வளர்த்தவர்களில் ஒருவராக பிரிட்டன் அரசு அவரைப் பாராட்டியது. பிறகு ‘சஹாய் ஹெல்த்’ என்ற நிறுவனத்தைச் சகாக்களோடு தொடங்கினார். கொரோனா தணிந்தபின் மூலநோய், மலச்சிக்கல், மாதவிடாய், கர்ப்பகாலச் சிக்கல்கள் என்று வெளியே சொல்லக் கூசும் விஷயங்களுக்குப் போனார். பார்வையாளர்கள் பல லட்சங்களைத் தாண்டிப் பெருகினார்கள்.

அவர் படித்த சான்றுவழி மருத்துவம் என்ன என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பின்னால் அரசியலில் அவர் செய்தவை இதிலிருந்துதான் கிளம்புகின்றன. 1990களில் டேவிட் சாக்கெட் போன்றவர்கள் வளர்த்த வழி அது. பெரிய டாக்டர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காதே. இந்த மருந்தை நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்குப் பலன், எத்தனை பேருக்குக் கெடுதல், அதை எந்த ஆய்வு காட்டியது என்று கேள். பிறகு அந்த விடையை எதிரில் இருக்கும் நோயாளியின் நிலைமையோடும் விருப்பத்தோடும் பொருத்திப் பார். நோயாளி டாக்டரை நம்புவதற்கு இங்கே அடிப்படை அவருடைய பட்டமோ வயதோ ஆகாது, கணக்கைத் திறந்து காட்டுவதுதான்.

திரையில் பெயர் பெற்று அரசியலுக்கு வந்த மருத்துவர் வங்கதேசத்துக்குப் புதிதில்லை. பதருத்தோஜா சௌத்ரி என்ற மூத்த மருத்துவர் வங்கதேசத் தொலைக்காட்சியில் ‘ஆப்னார் டாக்தார்’, அதாவது ‘உங்கள் மருத்துவர்’ என்ற நிகழ்ச்சியை நடத்தி வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். அன்றைய குடியரசுத் தலைவர் ஜியாவுர் ரஹ்மான் 1978இல் வங்கதேச தேசியவாதக் கட்சியைத் (பி.என்.பி.) தொடங்கியபோது அதன் முதல் பொதுச்செயலாளர் இவர்தான். 2001 நவம்பரில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். எட்டு மாதம்கூட முழுதாக ஓடவில்லை. சொந்தக் கட்சி எம்.பி.க்களே நம்பிக்கை இல்லை என்று சொல்ல, 2002 ஜூனில் பதவி விலகினார். பதவி தந்ததும் கட்சி, பறித்ததும் கட்சி. திரையில் சேர்த்த நற்பெயர் அந்த நேரத்தில் எதற்கும் உதவவில்லை.

அமெரிக்காவின் தொலைக்காட்சி மருத்துவர் மெஹ்மத் ஓஸ் வேறு ரகம். தொலைக்காட்சியில் பச்சைக் காப்பிக்கொட்டைச் சாற்றை எடை குறைக்கும் அதிசயம் என்று புகழ்ந்ததற்காக 2014இல் செனட் துணைக்குழுவில் வாங்கிக் கட்டிக்கொண்டவர். 2022இல் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகப் பென்சில்வேனியாவில் செனட் தேர்தலில் நின்று ஜான் ஃபெட்டர்மனிடம் தோற்றார். ஆனாலும் 2025இல் முதியோருக்கும் ஏழைகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டை நடத்தும் மத்திய அமைப்பின் தலைமை அவருக்கு வந்தது. கட்சியின் தயவு இருந்தால் தோல்விகூடத் தடையில்லை.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழியையும் வங்கதேசம் பார்த்திருக்கிறது. கொனோஷாஸ்த்ய கேந்திரா என்ற மக்கள் மருத்துவ அமைப்பை நிறுவிய மருத்துவர் ஜஃபருல்லா சௌத்ரி தேர்தலில் வென்றவர் இல்லை. ஆனால் 1982இன் தேசிய மருந்துக் கொள்கைக்குப் பின்னால் இருந்த முக்கிய மூளை அவருடையது. தேவையற்ற, தீங்கான மருந்துகள் நூற்றுக்கணக்கில் விலக்கப்பட்டதும், உள்நாட்டு மருந்து உற்பத்தி தழைத்ததும் அதனால்தான். அந்தக் கொள்கை வந்தது எர்ஷாத்தின் இராணுவ ஆட்சியில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாட்டு மக்களின் உடல்நலத்தை ஒரு மருத்துவர் இவ்வளவு மாற்றியது வாக்குப்பெட்டி இல்லாத காலத்தில் என்பது உறுத்தலான உண்மை.

ஜாராவின் அரசியல் இந்த மூவரின் பாதையிலும் தொடங்கவில்லை. 2024 ஜூலையில் அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கு எதிராக எழுந்த மாணவர் போராட்டத்தை ஷேக் ஹசீனா அரசு சுட்டு ஒடுக்கப் பார்த்தது. 1,400 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. விசாரணை அறிக்கை கணித்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி ஹசீனா பதவியை விட்டு இந்தியாவுக்குத் தப்பிப் போனார். போராட்டத்தை நடத்திய மாணவர்கள் 2025 பிப்ரவரி 28 அன்று டாக்காவின் மாணிக் மியா அவென்யூவில் தேசியக் குடிமக்கள் கட்சியைத் (என்.சி.பி.) தொடங்கினார்கள். நாஹித் இஸ்லாம் தலைமை ஏற்ற அந்தக் கட்சியின் உயர்மட்டப் பொறுப்பாளர்களில் ஜாராவும் ஒருவர்.

யூடியூபில் கோலோச்சிய மருத்துவர் ஏன் கட்சிக்குப் போக வேண்டும் என்று கேட்கலாம். 48 விநாடியை வீடியோ நீட்டித்துத் தராது. அந்நாட்டில் மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மக்களின் கைக்காசு. 2022ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி பிறக்கும் குழந்தைகளில் 45 விழுக்காடு சிசேரியன். ‘சிசேரியன் எப்போது தேவை’ என்று எத்தனை தெளிவாக விளக்கினாலும், பிரசவ வலியில் இருக்கும் பெண் மருத்துவமனையோடு வாதாட முடியாது. அங்கே வேண்டியது விதி, பணியிடம், நிதி. மூன்றையும் ஒதுக்குகிற இடம் நாடாளுமன்றம். இந்தத் தர்க்கத்தில் குறை காண எனக்கு எதுவும் இல்லை.

கட்சிக்குள் போனவர் பழைய பழக்கத்தை விடவில்லை. அடுத்த மாதமே சகத் தலைவர் சர்ஜிஸ் ஆலம் சொந்த மாவட்டமான பஞ்சகட்டுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கார்களோடு ஊர்வலமாகப் போனார். இதற்கு ஏது பணம் என்று ஜாரா முகநூலிலேயே, ஊரறியக் கேட்டார். கட்சிக் கூட்டத்தில் காதோடு கேட்டிருக்கலாமே என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். நம் ஊர்க் கட்சிகளில் இப்படிக் கேட்டவர் மறுநாள் எந்தப் பொறுப்பில் இருப்பார் என்பது வாசகருக்கே தெரியும்.

தேர்தல் நெருங்கியது. அவர் தேர்ந்தெடுத்தது டாக்கா-9: கில்காவ், சபுஜ்பாக், முக்தா. கில்காவ் அவர் வளர்ந்த இடம். முக்தாவில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1,700க்கு மேற்பட்டோரை டெங்கு பலிகொண்ட 2023இல் நோயாளிகள் குவிந்த மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. வேட்பாளரின் செலவு வரம்பு வாக்காளர் ஒருவருக்குப் பத்து டாக்கா (வங்கதேச நாணயம்). தொகுதியில் ஏறத்தாழ 4 லட்சத்து 69 ஆயிரம் வாக்காளர்கள், ஆக வரம்பு சுமார் 47 லட்சம் டாக்கா. வேட்பாளர்கள் கோடிக்கணக்கில் இறைத்துவிட்டு தேர்தல் ஆணையத்திடம் வரம்புக்குள் கணக்குக் காட்டுவது ஊரறிந்த ரகசியம். ஜாரா அதை வெளிப்படையாகச் சொல்லி, வரம்புக்கு மேல் ஒரு டாக்காவும் செலவழிக்க மாட்டேன் என்று அறிவித்து, மக்களிடமே பணம் கேட்டார். மொபைல் பணப்பரிமாற்றத்தில் சிறு சிறு தொகைகளாக வந்து, இரண்டு நாளுக்குள் இலக்கு நிறைந்தது. நிறைந்ததும் வசூலை நிறுத்தினார். ஆய்வுக் கட்டுரையின் தரவுகளைத் திறந்து வைக்கிற அதே புத்திதான் இங்கே தேர்தல் நிதியில் வேலை செய்தது. அதற்கு மக்களும் பதில் தந்தார்கள்.

அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் தலைகீழானது. என்.சி.பி., மதவாதக் கட்சியான ஜமாத்-எ-இஸ்லாமி தலைமையிலான கூட்டணியில் சேர முடிவெடுத்தது. மாணவர் கட்சி மாற்று அரசியலுக்காக வந்தது என்று நம்பியவர்களுக்கு அது பேரிடி. டிசம்பர் 27 அன்று ஜாரா கட்சியை விட்டு விலகி, சுயேச்சையாக நிற்பதாக அறிவித்தார். கட்சி வேட்பாளர் என்று நம்பிப் பணம் தந்தவர்கள் விரும்பினால் திரும்பப் பெறலாம் என்றும் சொன்னார். (ஜமாத்தின் தலைவர் ஷஃபிகுர் ரஹ்மானும் எம்.பி.பி.எஸ். மருத்துவர்தான். ஸ்டெதாஸ்கோப் எந்தக் கொள்கைக்கும் உத்தரவாதம் தருவதில்லை.)

இங்கேதான் திரைப் புகழின் எல்லை துல்லியமாகத் தெரிகிறது. வங்கதேசத் தேர்தல் சட்டப்படி சுயேச்சை வேட்பாளர் தன் தொகுதி வாக்காளர்களில் ஒரு விழுக்காட்டினரின் கையெழுத்தைக் கொண்டுவர வேண்டும். டாக்கா-9க்கு அது சுமார் 4,700 பேர். மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள் டிசம்பர் 29. பல லட்சம் பேர் பின்தொடர்கிறார்கள். ஆனால் அவர்கள் சில்ஹெட்டில், சிட்டகாங்கில், துபாயில், லண்டனில் இருக்கிறார்கள். வீடியோவுக்கு எல்லை இல்லை, வாக்காளர் பட்டியலுக்கு உண்டு. கட்சிக்காரருக்கு வட்டச் செயலாளர் இருப்பார், எந்தச் சந்தில் யார் வாக்கு இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். ஜாராவுக்கு இருந்தவர்கள் தன்னார்வலர்கள். தெருவில் மேசை போட்டுக் கையெழுத்து வாங்கி, குறித்த நேரத்தில் சேர்த்தும் விட்டார்கள்.

2026 ஜனவரி 3 அன்று மனு தள்ளுபடியானது. சோதனைக்கு எடுத்த பத்துக் கையெழுத்தில் இரண்டு பேர் அந்தத் தொகுதி வாக்காளர்கள் இல்லை என்பது காரணம். அவர்கள் தாங்கள் டாக்கா-9இல்தான் இருப்பதாக நம்பியவர்கள் என்றார் ஜாரா. தொகுதி எல்லை ஒரு தெருவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது பல பேருக்குத் தெரியாது. ஆணையத்தில் முறையிட்டு, ஜனவரி 10 அன்று மனுவை மீட்டார்.

இந்த விதியைப் பற்றி ஒரு வார்த்தை. வாக்கு ரகசியம் என்று சொல்லும் சட்டமே, சுயேச்சையை ஆதரிப்பவர் முன்கூட்டியே பெயரும் அடையாள எண்ணும் எழுதித் தர வேண்டும் என்கிறது. அதிகாரிகள் வீடு தேடி வந்து கேட்பார்கள். உள்ளூர்க் கட்சிக்காரர்களுக்கும் தெரிந்துபோகும். முன்பு ஒரு முறை எம்.பி.யாக இருந்தவருக்கு இந்தச் சுமை கிடையாது. பழைய ஆளுக்குக் கதவு திறந்தே இருக்கிறது, புதியவருக்கு மட்டும் பூட்டு. போலி வேட்பாளர்களை வடிகட்டத்தான் இது என்பார்கள். அதற்கு வைப்புத்தொகை போதும்.

பிப்ரவரி 12 அன்று வாக்குப்பதிவு நடந்தது. நாடு முழுதும் பி.என்.பி. அலை, டாக்கா-9இலும் அக்கட்சியின் ஹபிபுர் ரஷீத் வென்றார். ஜாராவுக்கு மூன்றாம் இடம், நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகள். கட்சி இல்லாமல், செலவு வரம்புக்குள் நின்று, ஏழு வாரம்கூட முழுதாகக் கிடைக்காத ஒரு சுயேச்சைக்கு இது சின்ன எண்ணிக்கை இல்லை. ஆனாலும் முக்தா மருத்துவமனைக்கு ஒரு பணியிடம் கூட்டக்கூட அது போதாது. இந்த முறையில் அரசியல் செய்ய நினைக்கும் மருத்துவர் அடுத்த தேர்தலுக்கு இப்போதிருந்தே தெருத்தெருவாக வாக்காளர் பட்டியலைப் படிக்கத் தொடங்க வேண்டும், கேமரா அப்புறம்.