யார் பெயரால், யார் செலவில்?

2014 பிப்ரவரி 24 அன்று உகாண்டாவின் என்டெபே நகரில் உள்ள அதிபர் மாளிகைக்கு வெளிநாட்டுச் செய்தியாளர்களும் அழைக்கப்பட்டிருந்தார்கள். தன்பாலின உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கும் சட்டத்தில் அதிபர் யோவேரி முசெவேனி அவர்கள் முன்னிலையில் கையெழுத்திட்டார். மேற்கு நாடுகளின் நெருக்குதலுக்கு உகாண்டா பணியாது என்று உலகத்துக்குக் காட்டவே இந்த ஏற்பாடு என அரசின் செய்தித் தொடர்பாளர் வெளிப்படையாகச் சொன்னார். மறுநாள் அந்நாட்டு நாளேடு ஒன்று, தன்பாலீர்ப்பாளர்கள் என்று தான் கருதிய இருநூறு பேரைப் பட்டியலிட்டு அச்சிட்டது. இரண்டு தரப்பும் கௌரவத்துக்காக மோதிக்கொண்டிருந்தன. அடி விழுந்தது அந்த இருநூறு பேர் மீது.

ஒரு நாடு இன்னொரு நாட்டில் வாழும் தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காகக் குரல் கொடுக்கலாமா என்ற கேள்வியை இந்த நாளிலிருந்து தொடங்குவதே சரி. கொள்கை அளவில் அதற்கு விடை எளிது. யாருக்கும் தீங்கு செய்யாத ஒருவரை, அவர் யாரை நேசிக்கிறார் என்பதற்காக மட்டும் சிறையில் அடைப்பது அநீதி. அது எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்தாலும் அநீதிதான். தென்னாப்பிரிக்க நிறவெறியைக் கண்டித்தவர்களை யாரும் அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடுகிறார்கள் என்று குறை சொல்வதில்லை.

“இது எங்கள் பண்பாடு, அந்நியர் பேசக்கூடாது” என்பது மறுதரப்பின் வாதம். அந்நிய ஆட்சியை அனுபவித்த மக்களிடமிருந்து வருவதால் அதற்கு ஒரு கனம் உண்டு, ஏளனமாக ஒதுக்கக்கூடாது. ஆனால் உகாண்டாவின் வரலாறே அதை உடைக்கிறது. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய பிரிவு அங்கே பிரிட்டிஷ் ஆட்சி எழுதிவைத்தது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவும் இலங்கையின் 365-ஆவது பிரிவும் அதே குடும்பம். உகாண்டா விடுதலை பெற்றது 1962-இல். ஐந்தே ஆண்டுகளில், 1967-இல், இங்கிலாந்து தன் சொந்தச் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது; கொடுத்துவிட்டு வந்த நகல்கள் அப்படியே கிடந்தன. பிறகு 2009 மார்ச்சில் ஸ்காட் லைவ்லி உள்ளிட்ட அமெரிக்கப் பிரசாரகர்கள் கம்பாலாவில் தன்பாலீர்ப்புக்கு எதிரான கருத்தரங்கு நடத்தினார்கள். அதே ஆண்டு அக்டோபரில், மரண தண்டனையையும் உள்ளடக்கிய மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. ஆக, வெளியாரின் கை அங்கே முன்பே நுழைந்துவிட்டது. பூட்டைக் கொண்டுவந்து மாட்டியவருக்கு, அதைத் திறப்பதில் பொறுப்பு கூடுமே தவிரக் குறையாது. 2018-இல் பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே, காமன்வெல்த் நாடுகளின் முன்னிலையில் இந்தச் சட்டங்களுக்காக வருத்தம் தெரிவித்தது அந்தப் பொறுப்பின் சிறு பங்கு.

பேசலாம் என்று ஆன பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. எப்படிப் பேசுவது?

2010 ஜனவரியில் முசெவேனி தன் கட்சியினரிடம், இந்த மசோதா உள்நாட்டு விஷயம் மட்டுமன்று, வெளியுறவு விஷயமும்கூட என்று எச்சரித்தார். அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் தொலைபேசியில் பேசியதையும் குறிப்பிட்டார். மசோதா கிடப்பில் போனது. 2012 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரில் நாடாளுமன்றங்களின் மாநாடு. கனடிய வெளியுறவு அமைச்சர் ஜான் பேர்டு மேடையில் உகாண்டாவைக் கண்டித்தார். உகாண்டாவின் சபாநாயகர் ரெபேக்கா கடாகா அங்கேயே சூடாகப் பதிலடி கொடுத்தார். நாடு திரும்பியபோது விமான நிலையத்தில் அவருக்கு வீராங்கனைக்குரிய வரவேற்பு கிடைத்தது. மசோதாவைக் கிறிஸ்துமஸ் பரிசாகத் தருவதாக அவர் வாக்களித்தார். ஓராண்டு தாமதமாக, 2013 டிசம்பர் 20-இல், அந்தப் பரிசு வந்துசேர்ந்தது. பேர்டு சொன்னதில் பிழையில்லை. ஆனால் சரியானதைச் சொல்லிவிட்டோம் என்ற நிறைவு சொன்னவருக்கு; விலை வேறு யாருக்கோ.

பண உதவியை நிறுத்துவதில் இது இன்னும் கூர்மையாகிறது. 2014-இல் உலக வங்கி ஒன்பது கோடி டாலர் கடனைத் தள்ளிவைத்தது. அது தாய்சேய் நலம் உள்ளிட்ட மருத்துவச் சேவைகளுக்கான பணம். அந்தச் சட்டத்தை எழுதாத, ஒருவேளை அதைப் பற்றிக் கேள்விப்பட்டேயிராத ஒரு கர்ப்பிணியிடம் இதை எந்த நியாயத்தால் விளக்குவது? இதை முன்பே சொன்னவர்கள் உண்டு. 2011-இல் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரன் உதவியைக் குறைக்கலாம் என்று பேசியபோது, ஆப்பிரிக்க உரிமைச் செயல்பாட்டாளர்கள் பலர் கூட்டறிக்கை வெளியிட்டு எதிர்த்தார்கள். தன்பாலீர்ப்பாளர்களும் அதே மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள். உதவி நின்றால் ஊர் முழுவதும் தங்களைத்தான் பழிக்கும் என்பதே அவர்கள் கவலை. யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் கைகூப்பி “இப்படி வேண்டாம்” என்று கேட்ட பிறகும் அதையே செய்தால், அதற்கு உதவி என்று பெயர் வைக்க முடியாது.

அவர்கள் மௌனத்தையும் கேட்கவில்லை. 2014-இல் உகாண்டாவின் உரிமை அமைப்புகள் வெளிநாட்டு நண்பர்களுக்கு வழிகாட்டுதல் எழுதின. பொதுவான உதவியை வெட்ட வேண்டாம், குற்றம் செய்தவர்களைக் குறிபார்த்து நடவடிக்கை எடுங்கள், களத்தில் இருப்பவர்களுக்குத் துணை நில்லுங்கள் என்பது அதன் சாரம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-இல் அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. வாக்கெடுப்பின்போது அவையில் போதிய உறுப்பினர்கள் இல்லை என்பது காரணம். வழக்குத் தொடுத்தவர்கள் உகாண்டா மக்கள். வெளிநாட்டு நெருக்குதலுக்கு அதில் பங்கே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. எனினும் வாசலைத் திறந்தது உள்ளிருந்து நீண்ட கை.

குரலுக்கு நிலைத்தன்மையும் வேண்டும். 2023-இல் உகாண்டாவில் மரண தண்டனையையும் சேர்த்துப் புதிய சட்டம் வந்தது. உலக வங்கி புதிய கடன்களை நிறுத்தியது; சட்டம் நடப்பில் இருக்கும்போதே 2025-இல் மீண்டும் தொடங்கியது. அமெரிக்காவில் 2011-இல் ஒபாமா, வெளிநாடுகளில் இந்த உரிமைகளைக் காப்பது அரசுத் துறைகளின் கடமை என்று ஆணையிட்டார். 2025 ஜனவரியில் அதே வெள்ளை மாளிகையிலிருந்து வெளிநாட்டு உதவியையே நிறுத்திவைக்கும் ஆணை வந்தது. தேர்தலுக்குத் தேர்தல் மாறும் நட்பை நம்பி முகம் காட்டியவர் என்ன செய்வார்? முகத்தை மறுபடி மறைக்க முடியாது. உகாண்டாவின் தன்பாலீர்ப்பாளர் உரிமைச் செயல்பாட்டாளர் டேவிட் கட்டோ, தன்னைத் தூக்கிலிடச் சொல்லிப் படம் வெளியிட்ட பத்திரிகை மீது வழக்குப் போட்டு வென்றார். சில வாரங்களில், 2011 ஜனவரி 26 அன்று, தன் வீட்டில் அடித்துக் கொல்லப்பட்டார். வெளியே தெரிவது அங்கே அவ்வளவு ஆபத்தான காரியம்.

அந்த ஆபத்தில் எந்தப் பங்கையும் அவர்கள் தலையில் ஏற்றாத வழி ஒன்று இருக்கிறது. அது தஞ்சம் தருவது. பிரிட்டனில் 2010 வரை, தஞ்சம் கேட்டு வந்த தன்பாலீர்ப்பாளரிடம், ஊருக்குத் திரும்பிப் போய் யாருக்கும் தெரியாமல் அடக்கமாக வாழ்ந்துகொள்ளலாமே என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடிந்தது. ஈரானியர் ஒருவரும் கேமரூன்காரர் ஒருவரும் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். அந்த ஜூலையில் நீதிபதிகள் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அதற்காகக் கம்பாலாவில் எந்த மருத்துவமனையும் மருந்தின்றி நிற்கவில்லை. எந்தத் தலைவருக்கும் கேமரா முன்னால் கையெழுத்திட ஒரு சாக்குக் கிடைக்கவில்லை. செலவு முழுவதும் பேசிய நாட்டுடையது.