துண்டுக்கு அடியில் ஒரு விலை

"லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க்கா."

இரவு பதினொன்றே காலுக்கு வந்த செய்தி. ஒரு வணக்கம் கிடையாது, சேலை நன்றாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் ஒரு விற்பனைக் குழுவில் போட்டிருந்தது சிறுமுகை மென்பட்டு. மயில்கழுத்து நிறம், இரண்டே முறை கட்டியது, ஃபால்ஸ் அடித்தது, கறை இல்லை. வாங்கும்போது 4,200 ரூபாய்; போட்ட விலை 1,800. கொஞ்சம் யோசித்து 1,600 என்று பதில் அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாயின. அதோடு சரி. மறுநாள் பொழுது சாயும்வரை ஏழெட்டுத் தடவை போனை எடுத்துப் பார்த்திருப்பேன். "வேண்டாங்க்கா" என்றுகூட வரவில்லை.

போனது இருநூறு ரூபாய் அல்ல. சேலை இன்னும் பீரோவில்தான் இருந்தது. ஆனால் எனக்குள் அதன் விலை 1,600 ஆகிவிட்டது. ஊர் பேர் தெரியாத ஒருவர் என் வாயாலேயே விலையை இறக்க வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கோவை அவிநாசி சாலையில் ஓர் அலுவலகத்துக்குப் பதினெட்டு வருஷம் போய்வந்தவள் நான். வேலையை விட்ட பிறகு எண்ணிப் பார்த்தால் சேலை மட்டும் நூற்றுக்கு மேல். நெகமம் காட்டன், கோரா காட்டன், ஒப்பணக்கார வீதியில் தீபாவளிக் கூட்டத்தில் இடிபட்டு எடுத்தவை, கிராஸ்கட் ரோட்டில் தள்ளுபடி என்று ஏமாந்து எடுத்தவை. பாதியை விற்றுவிடலாம் என்றதும் அம்மா முகம் சுளித்தாள். "உடுத்துன துணிய விக்கறதா? சும்மா குடு, இல்லாட்டி எரி. காசு வாங்காத."

இதைச் சொன்னவள் யார் என்பதுதான் வேடிக்கை. என் சின்ன வயதில், அறச்சலூர் வீட்டு வாசலில், "பழைய துணிக்குப் பாத்திரம்" என்று கூவி வருகிறவளைத் திண்ணையில் உட்காரவைத்து, அப்பாவின் ரெண்டு வேட்டி, நாலு சட்டை, என் பாவாடை ஒன்றுக்கு மூடியோடு கூடிய எவர்சில்வர் தூக்குப்போசி கேட்டு முக்கால் மணி நேரம் வாதாடியவள் அம்மா. பாத்திரக்காரி சட்டையை வெயிலுக்கு எதிரே பிடித்து ஓட்டை பார்ப்பாள். சரிகைச் சேலை இருந்தால் அவள் குரலே மாறிவிடும். பேரம் படியவில்லையென்றால் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கிளம்புவாள். வேப்பமரம்வரை போவாள். மெதுவாகப் போவாள். அம்மா, "அட, வா இங்க" என்பாள். ஆக, உடுத்திய துணிக்குப் பண்டம் வாங்கலாம், பேரம் பேசலாம். காசு மட்டும் ஆகாது! இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அந்த வேப்பமரம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. போகிறவளின் முதுகு அம்மாவுக்குத் தெரிந்தது. கூப்பிடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க அம்மாவுக்கு இருபது தப்படி அவகாசம் இருந்தது. எனக்கு வந்த நீல டிக்குக்கு முதுகு இல்லை.

உடுத்திய துணியைப் போனில் விற்றுப் பார்த்தவர்களுக்கு இந்தப் பேச்செல்லாம் மனப்பாடம். "இருக்குதா?" என்பது முதல் கேள்வி. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் இதைத் தட்டச்சுகூடச் செய்ய வேண்டாம். தயாராக எழுதி வைத்திருக்கிறார்கள், தொட்டால் போதும். தொடுகிறவருக்குச் செலவில்லை. வாசிக்கிறவருக்குத்தான் நெஞ்சு ஒரு தடவை துள்ளுகிறது. அப்புறம் "ஷிப்பிங் ஃப்ரீயா?", "பிளவுஸ் பிட் இருக்கா?", "ஓப்பனிங் வீடியோ எடுக்கணுமா?" இடையில் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன், இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒருவர் வருவார். பணம் வாங்குவதற்கு யாரும் ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் அழுத்தவும் வேண்டாம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அவரைத் தாண்டிவிடலாம்.

தாண்ட முடியாதது "ஹோல்டு பண்ணுங்க." சாயங்காலம் பணம் போடுகிறேன், வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்பார்கள். அந்த வார்த்தையை நம்பி, அன்றைக்கே முழு விலைக்குக் கேட்ட இன்னொருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் வந்தது, பணம் வரவில்லை. குழுவில் படத்துக்குக் கீழேயே எல்லோரும் பார்க்க, "இதுக்கு எண்ணூறே அதிகம்" என்று எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு. வாங்குகிற எண்ணமே இல்லாதவர்கள். அவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அப்படி ஒரு வரியைப் பார்த்த அன்றைக்குத்தான் அப்புச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், துண்டு ஞாபகம் வந்தது.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தை. வியாழக்கிழமை. "பொட்டப்புள்ளைய எதுக்கு சந்தைக்குக் கூட்டிட்டுப் போறீங்" என்று பாட்டி, எங்கள் அமுச்சி, தடுத்தும் கேட்காமல், எட்டு வயது என்னை அப்புச்சி ஒருதரம் அழைத்துப் போனார். காவிரியோரம் மாடும் எருமையும் தூசியுமாக ஒரே இரைச்சல். கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த வியாபாரிகள் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்தார்கள், உடம்பைத் தடவிச் சுழி பார்த்தார்கள். எங்கள் மாட்டுக்குப் பல் சரியாயிருந்தது. சுழி ஒன்று இடறியது. அதை அப்புச்சியே முதலில் காட்டிவிட்டார். "அவங்க கண்டுபிடிச்சா அது குத்தம், நாம சொன்னா அது சேதி" என்று பிற்பாடு சொன்னார்.

அதன்பிறகு தரகர் வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அப்புச்சியின் கை மேல் போட்டு, அதற்கடியில் கையை விட்டார். இருவரும் வாய் திறக்கவில்லை. ஒருவர் விரலை ஒருவர் பிடிக்கிறார்கள், மடக்குகிறார்கள், அழுத்துகிறார்கள். ஒரு விரல் என்றால் நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். அப்புச்சி தலையை ஆட்டினார். தரகர் போய் வாங்குகிறவரின் கையில் துண்டைப் போட்டார். திரும்பி வந்தார். சுற்றி இருபது பேர் நின்றோம்; ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நாலைந்து நடைக்குப் பிறகு துண்டு விலகியது, அச்சாரம் கை மாறியது. அதற்குமேல் பேச்சு கிடையாது. பக்கத்தில் இன்னொருவர் ஐநூறு கூடத் தருகிறேன் என்றாலும் அப்புச்சி திரும்பிப் பார்க்க முடியாது. வாங்கியவரும் சுழியைக் காட்டி மாட்டைத் திருப்ப முடியாது. மாட்டின் கழுத்திலிருந்த தலைக்கயிற்றை மட்டும் அவிழ்த்து அப்புச்சி மடியில் சுருட்டி வைத்துக்கொண்டார். மாட்டோடு கயிற்றைக் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டுவர வேண்டும்.

அன்றைக்கு அந்த மாடு என்ன விலைக்குப் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அமுச்சிக்கு மட்டும் சொன்னார்.

எதற்காக இந்த மறைப்பு என்று பல காரணம் சொல்வார்கள். தரகர்கள் தங்கள் லாபத்தை ஒளிக்கத்தான் என்பதும் அதில் ஒன்று. அதில் உண்மையும் இருக்கலாம். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. கஷ்டத்துக்கு மாட்டை விற்க வந்தவன் எவ்வளவு இறங்கினான் என்பது துண்டுக்கு வெளியே வருவதில்லை. கேட்டவனுக்கு எவ்வளவுதான் முடிந்தது என்பதும் வெளியே வருவதில்லை. பேரம் முறிந்தாலும் யாருடைய தலையும் தாழ்வதில்லை. விலை கேட்கிறவனும் கையைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அந்தக் கையை விடுவித்துக்கொள்ளாமல் அங்கிருந்து நகரவும் முடியாது.

பேரமே வேண்டாம், ஒரே விலை என்று எழுதி ஒட்டிவிட்டால் என்ன என்று தோழி கேட்டாள். அந்த யோசனைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. 17-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவினர், வாங்கப்போகும் விலைக்கு மேல் கேட்பதே பொய் என்று கருதி, குழந்தை வந்தாலும் பெரியவர் வந்தாலும் ஒரே விலை சொன்னார்கள். 1861-ல் ஃபிலடெல்ஃபியாவில் துணிக்கடை திறந்த ஜான் வானமேக்கர் அதையே விலைச்சீட்டாக்கிப் பெரும் வியாபாரம் பண்ணினார். நம் ஊரில் உழவர் சந்தை இருக்கிறது. 1999-ல் மதுரையில் தொடங்கியது, ஆர்.எஸ்.புரத்திலும் சிங்காநல்லூரிலும் காலையில் பலகையில் விலை எழுதிவிடுகிறார்கள், தக்காளிக்கு வாயாட வேண்டியதில்லை. நல்ல ஏற்பாடு.

என் சேலைக்கு யார் பலகை எழுதுவார்கள்? தக்காளிக்கு நேற்றைய விலை என்று ஒன்று இருக்கிறது. புதுச் சேலைக்கு நூல் விலை, கூலி, கடை வாடகை இருக்கிறது. கட்டிய சேலைக்கு அடக்க விலையே கிடையாது. ஒருவர் தரச் சம்மதிப்பதும் இன்னொருவர் விடச் சம்மதிப்பதும் எங்கே தொடுகிறதோ அதுதான் விலை. பேசாமல் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. அதிலும் விடுகிறவரின் கண் எப்போதும் பெரிதாகவே பார்க்கும். கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் குவளை கொடுத்து விற்கச் சொன்னார்கள். குவளை கையில் இருந்தவர்கள் கேட்ட விலை, இல்லாதவர்கள் தரத் தயாராயிருந்த விலையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. 1990-ல் வெளிவந்த ஆய்வு. குவளை அவர்கள் கைக்கு வந்து சில நிமிஷம்தான் ஆகியிருந்தது. நான் அந்த மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு என் மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போயிருக்கிறேன். 1,800 என்று நான் எழுதியதில் சேலைக்கு எவ்வளவு, அன்றைக்கு எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. வாங்குகிறவர் அன்றைய நாளுக்கும் சேர்த்து ஏன் காசு தர வேண்டும்? அவர் குறைத்துக் கேட்பது நியாயம்தான். அவமானம் ஒன்றுமில்லை.

ஆகவே பேரத்தை நான் குறை சொல்லமாட்டேன். பேசி முடித்த பிறகு நிற்காததைத்தான் சொல்கிறேன். இந்த மண்ணுக்கு அந்த வலி புதிதல்ல. சோமனூர்ப் பக்கம் என் மாமனார் எட்டுத் தறி வைத்திருந்தார். பாவும் ஊடைநூலும் ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார். இவர் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். மீட்டருக்குச் சில பைசா ஏற்றுவதற்கு எத்தனை பேச்சுவார்த்தை! 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று அமைச்சர்கள் முன்னிலையில் முடிவானது. சொன்ன கூலி வரவில்லை. 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. ஒரு மாதத்துக்கு மேல் நின்றன. 2025 மார்ச்சில் மறுபடியும் நின்றன. மாமனார் கோபப்பட்டது சதவீதத்துக்காக அல்ல. "பேசி முடிச்சது என்னாச்சு?" என்பதுதான் அவர் கேட்டுக்கொண்டே இருந்த கேள்வி.

இப்போது நான் சேலை விற்கும் முறை கொஞ்சம் மாறியிருக்கிறது. குறையை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். முந்தானையில் ஒரு நூல் இழுத்திருக்கிறது என்றால் அதைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுகிறேன். விலையைக் குழுவில் பேசுவதில்லை, தனியாக வாருங்கள் என்கிறேன். ஹோல்டு பண்ண வேண்டுமென்றால் நூறு ரூபாய் அச்சாரம். அச்சாரம் என்ற சொல்லைக் கேட்டுச் சின்னப் பெண்கள் சிரிக்கிறார்கள்; ஆனால் அனுப்பிவிடுகிறார்கள். தாராபுரத்துப் பெண் ஒருத்தி மூன்று நாள் பேரம் பேசினாள். 1,200-ல் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, "1,450-க்கு மேல எங்கிட்ட இல்லீங்க்கா, இல்லாட்டி விட்டர்றேன்" என்று முடித்தாள். மயில்கழுத்து அவளுக்குத்தான் போனது. பிளவுஸை நான் அனுப்பவில்லை. என் அளவுக்குத் தைத்தது, அவளுக்கு ஆகாது. அது பீரோவில் இருக்கிறது.

இவ்வளவும் எழுதுகிற நான் யோக்கியமா என்றால், இல்லை. போன வருஷம் மகளுக்குப் படிப்பு மேசை தேடியபோது சிங்காநல்லூரில் ஒருவர் தேக்கு மேசை போட்டிருந்தார். லாஸ்ட் பிரைஸ் கேட்டேன். சொன்னார். இன்னும் ஐநூறு குறையுங்கள் என்றேன். குறைத்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். அதற்குள் வேறொன்று கிடைத்தது; அவருக்குச் சொல்லவில்லை. திங்கட்கிழமை "மேடம்?" என்று ஒரு செய்தி வந்தது. வெட்கமாயிருந்ததால் அதைத் திறக்கவே இல்லை. நீல டிக்குகூட விழவில்லை.

நேற்று, எட்டு மாதம் கழித்து, அதைத் திறந்து மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "அது அப்பவே வித்துப்போச்சுங் மேடம். இப்ப ஒரு பீரோ இருக்குது, பாக்கறீங்ளா?" கீழே படமும் விலையும் போட்டிருந்தார். பீரோ எனக்கு வேண்டாம் என்று அப்போதே எழுதி அனுப்பிவிட்டேன்.