சேவல் குற்றவாளியா?

தன் வீட்டு எல்லைக்குள் ஒருவர் நேர்மையாகச் செய்யும் காரியம் அடுத்த வீட்டாருக்குத் துன்பம் தருமானால், அறம் யார் பக்கம் நிற்கிறது? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் பெருங்குற்றங்களைவிட இத்தகைய சிறு பூசல்களே அன்றாட வாழ்வின் அமைதியை அதிகமாகக் குலைக்கின்றன. நகரத்து வீட்டின் கொல்லையில் நான்கைந்து கோழிகளை வளர்ப்பது இதற்கு நல்ல உதாரணம்.

இரு தரப்பிலும் நியாயம்

கோலார் தங்கவயலில் இந்தக் கேள்வி மேலும் கூர்மை பெறுகிறது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் பொறுப்பில் சுரங்கங்கள் வளர்ந்தபோது, வட ஆற்காடு, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர்கள் திரளாக அங்கே குடியேறினர். அவர்களுக்காக எழுந்த குடியிருப்புகள் 'லைன்' என்றே அழைக்கப்பட்டன. சுவரோடு சுவர் ஒட்டிய சிறு வீடுகள். ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டில் கேட்கும்.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அதன்பின் பலர் பிழைப்புக்காக ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று திரும்பலாயினர்.

இப்படிப்பட்ட ஊரில் இரண்டு வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். ஒரு வீட்டில் முட்டை விற்ற காசு பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாகிறது. அடுத்த வீட்டில், இரவு பத்து மணிக்குத் திரும்பியவர் விடியற்கால ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. மூன்று மணிக்குச் சேவல் கூவினால் அவருடைய உறக்கம் அத்துடன் முடிந்தது. முதல் வீட்டாரின் தேவையும் உண்மை. இரண்டாம் வீட்டாரின் களைப்பும் உண்மை. நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்ந்தெடுப்பது எளிது. இரண்டு நியாயங்கள் எதிரெதிரே நிற்கும்போதுதான் மனிதனின் விவேகம் சோதிக்கப்படுகிறது.

இயல்பும் பொறுப்பும்

சேவல் வேண்டுமென்றே கூவுவதில்லை. ஜப்பானிலுள்ள நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மங்கலான ஒளி மாறாதிருந்த அறையில் வைக்கப்பட்ட சேவல்களும் ஏறத்தாழ 24 மணி நேர ஒழுங்கில் கூவியதைக் கண்டனர். விடியலை அறிவிக்கும் கடிகாரம் அதன் உடலுக்குள்ளேயே இருக்கிறது. கூட்டை மூடி இருட்டாக்கினாலும் இயற்கையை முழுவதும் அடக்க முடியாது.

எனவே சேவலைப் பழிப்பதில் பொருளில்லை. பறவைக்கு இயல்பு உண்டு. மனிதனுக்கோ இயல்போடு பொறுப்பும் உண்டு. முட்டைக்குச் சேவல் தேவையில்லை. பெட்டைக் கோழிகள் மட்டும் இருந்தாலே அவை முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் வேண்டும். கூட்டை அடுத்தவர் படுக்கையறைச் சுவரை ஒட்டி வைப்பதா, தள்ளி வைப்பதா என்பதும் வளர்ப்பவரின் முடிவே. எச்சம் ஈரமாகக் கிடந்தால் நாற்றம் எழும். உமியோ மரத்தூளோ பரப்பி அடிக்கடி மாற்றினால் பெரிதும் குறையும். சிந்திய தீனியை அள்ளாவிட்டால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். "கோழி என்றால் அப்படித்தான்" என்று சொல்பவர், தம் சோம்பலைப் பறவையின் கணக்கில் எழுதுகிறார்.

சட்டம் செல்லும் தொலைவு

பிரான்சின் ஒலெரோன் தீவில் மொரீஸ் என்ற சேவலின் மீது அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்தனர். 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சேவலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கிராமப்புற ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியச் செல்வமாக ஏற்கும் சட்டமும் 2021-இல் அந்நாட்டில் வந்தது. கேரளத்தின் அடூரிலோ 2025-இல் வேறு முடிவு. சேவல் கூவுவதால் உறக்கம் கெடுகிறது என ஒருவர் முறையிட, வருவாய்க் கோட்ட அதிகாரி விசாரித்து, மாடியிலிருந்த கோழிக் கூட்டை இடம் மாற்றுமாறு உத்தரவிட்டார்.

இரு முடிவுகளும் முரண்பட்டவை போலத் தோன்றினாலும், இடத்துக்கேற்ப நியாயம் மாறும் என்பதையே காட்டுகின்றன. தீவுக் கிராமத்தில் பொருந்துவது நெருக்கமான வீடுகளிடையே பொருந்தாது. ஆயினும் சட்டம் கூட்டை நகர்த்தலாம். மறுநாள் காலையில் இரு வீட்டாரும் முகம் பார்த்துப் பேசுவார்களா என்பதை அது தீர்மானிக்க இயலாது.

முதலில் பேச வேண்டியவர் யார்?

வளர்ப்பவரே முதலில் பேச வேண்டும். புகார் வரும்வரை காத்திருப்பது அறமாகாது. மௌனம் சம்மதம் என்பார்கள், எப்போதும் அப்படியன்று. வாடகைக்குக் குடியிருப்பவர், கடன்பட்டவர், தனித்து வாழும் முதியவர் ஆகியோர் அச்சத்தாலும் மௌனமாக இருப்பர். "உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?" என்று அவர்களிடம் கேட்பது வெறும் மரியாதையன்று, கடமை. கேட்டபின் கொடுக்கும் நான்கு முட்டைகள் அன்பின் அடையாளம்; கேளாமல், வாயை அடைப்பதற்காகக் கொடுப்பது கையூட்டு.

துன்பப்படுபவருக்கும் கடமை உண்டு. மனத்தாங்கலைச் சேர்த்துவைத்து ஒருநாள் அதிகாரியிடம் கொட்டுவதைவிட, தொடக்கத்திலேயே நேரில் இதமாகச் சொல்வது மேல். அத்துடன் அவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்: உறுத்துவது சேவலின் குரலா, வேறேதோ பழைய பகையா? தம் தெருத் திருவிழாவின் ஒலிபெருக்கியை விடிய விடியப் பொறுப்பவருக்கு, அடுத்த வீட்டுக் கோழியின் கொக்கரிப்பு மட்டும் பொறுக்கவில்லை என்றால், குறை காதில் இல்லை.

திருக்குறளில் 'பொறையுடைமை' என்றும் 'ஒப்புரவறிதல்' என்றும் தனித்தனி அதிகாரங்கள் இருப்பது சிந்திக்கத்தக்கது. பிறர் தரும் இன்னலைத் தாங்குவது பொறை; பிறரோடு இசைந்து, அவருக்குப் பயன்பட வாழ்வது ஒப்புரவு. பொறுமையைப் பிறரிடம் எதிர்பார்ப்பதும், ஒப்புரவைத் தாம் மறப்பதும் மனித இயல்பு. வளர்ப்பவர் ஒப்புரவையும் அண்டையவர் பொறுமையையும் தத்தம் பங்காக ஏற்றால், இருவருக்கும் நடுவிலுள்ள சுவர் பகையின் எல்லையாகாது. "இது என் உரிமை" என்ற சொல் வாயில் எழும்போது, "இதன் விலையைக் கொடுப்பவர் யார்?" என்று ஒருமுறை உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். அண்டை அயலாரோடு வாழும் அறம் அந்தக் கேள்வியில் தொடங்குகிறது.