யூஸுப் நபியும் நம் ஊர்க் காடும்



மிஸ்ரு தேசத்து அரசன் ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்னக் கனவு கண்டான். ஏழாண்டு விளைச்சலும் பின்னர் ஏழாண்டு பஞ்சமும் வரும் என்று ஹஜ்ரத் யூஸுப் (அலை) அவர்கள் அதற்குப் பொருள் கூறினார்கள். அத்துடன் நிற்காமல், தானியத்தைக் கதிரோடு சேமிக்கும் வழியையும் சொன்னார்கள். வராத பஞ்சத்தை மக்கள் மனக்கண்ணால் கண்டார்கள்; ஆகவே வந்தபோது பிழைத்தார்கள்.

மறைவானதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. ஆயினும் நாளை என்ன நேரக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது நம் கடமையன்றோ? ரமலான் சரக்கை ரஜபு மாதத்திலேயே கொள்முதல் செய்யும் வியாபாரிகளாகிய நமக்கு இது புதிதா?

நம் பூச்சோங்கைப் பாருங்கள். ஆயர் ஹீத்தாம் வனம் 1906-இல் காப்புக் காடாக்கப்பட்டது. அன்றிருந்த பரப்பில் பெரும்பகுதி போய், இன்று எஞ்சியிருப்பது சுமார் 1,200 ஹெக்டேரே. பிறர்மீது பழிபோட நமக்கு வழியில்லை. ஊர் பெருகியதால்தான் நம் கடைகளும் பெருகின. சிலாங்கூர் அரசாங்கம் 1996-இல் இவ்வனத்தைக் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமாகப் புத்ரா பல்கலைக்கழகத்திற்கு 80 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. கணக்குப் பார்த்தால் 2076-இல் தவணை முடிகிறது. அன்று நம்மில் பலர் கபுறில் இருப்போம். காட்டை வைப்பதா அழிப்பதா என்று பேசப்போகிறவர்கள் நம் பேரப்பிள்ளைகள்.

ஆகையால், இஷாத் தொழுகைக்குப்பின் பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டு கதைகள் சொல்வோம். முதற்கதையில் 2076-ஆம் ஆண்டு. பேரன் கடை திறக்கிறான். மலைச்சரிவெங்கும் கட்டடம். ஒருமணி நேர மழைக்கு வீதி ஆறாகி, அரிசி மூட்டைகள் நனைகின்றன. மறுகதையிலும் அதே மழைதான். ஆனால் காட்டு மண் அதில் பெரும்பங்கைக் குடித்துக்கொள்கிறது. தெமுவான் முதியவர் ஒருவர் நம் பேரனுக்கு மரங்களின் பெயரையும் மருந்தையும் சொல்லிக்கொடுக்கிறார். பிறகு கேட்போம்: 'எது வேண்டும்? அதற்கு இன்று என்ன செய்யவேண்டும்?' இரண்டாம் கேள்வி இல்லாத கதை வெறும் பொழுதுபோக்கு.

இது பலிக்குமா என்று ஐயுற வேண்டாம். அருகிலுள்ள கோலா லங்காட் வடக்குக் காப்புக் காட்டின் ஒரு பகுதி 2021-இல் காப்பிலிருந்து நீக்கப்பட்டது. தெமுவான் மக்களும் பொதுமக்களும் முறையிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. இழக்கப்போவதை மனத்தால் முன்கூட்டிக் கண்டவர்களன்றோ வாய்திறந்து பேசினார்கள்!

கியாமத்து நெருங்கும் வேளையிலும் கையில் மரக்கன்று இருந்தால், இயன்றவரை நட்டுவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அந்த நேரத்திலேயே அப்படியென்றால், ஐம்பதாண்டுத் தவணை கையிலிருக்கும் நாம் சும்மா இருக்கலாமா?

முதலைத் தின்று லாபமென்று எழுதும் வியாபாரியின் கணக்கு நம் கணக்காகாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.