தந்த உடம்பு

என் உடல் நிறை குறியீட்டெண் 31. பௌர்ணமியன்று அண்ணாமலையை 14 கிலோமீட்டர் சுற்றி வந்தாலும் எனக்கு மூச்சு வாங்குவதில்லை. ஆனால் மருத்துவச் சீட்டில் 'உடல் பருமன்' என்று இருக்கிறது. எதை நம்புவது?

தனு எனும் உடம்பு, கரணம் எனும் மனம் முதலிய கருவிகள், புவனம் எனும் உலகம், போகம் எனும் நுகர்ச்சி ஆகிய நான்கும் உயிரைப் பற்றிய மலம் எனும் அழுக்கு நீங்குவதற்காக இறைவன் தந்தவை என்கிறது சைவ சித்தாந்தம். அப்படியானால் உடம்பைப் பார்த்துக் கேட்க வேண்டியது, அது எதற்கு உதவுகிறது என்பதைத்தான். படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைத் தூக்கி உட்காரவைத்து, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டே கஞ்சி புகட்ட என் தோள்கள் போதும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் அந்தக் குறியீட்டெண் கணக்கில் அந்த வலு வராது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் புள்ளியியலாளர் கெட்லே அந்தக் கணக்கை உருவாக்கியதே மக்கள் கூட்டத்தின் சராசரியை அறியத்தான்.

இருந்தாலும் என் உணர்வு மட்டுமே சாட்சியாகிவிடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வலியில்லாமல் ஏறும். தெற்காசியரிடம் குறைந்த எடையிலேயே நீரிழிவு தலைகாட்டும். இறைவன் குடியிருக்கும் இடமென்று உடம்பைப் பேணினார் திருமூலர். பேணுவதில் பரிசோதனையும் சேர்த்தி என்பதால் வெறும் வயிற்றோடு போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறேன். என்னை வருத்துவது வேறு. பருத்த பெண் என்றால் சோம்பேறி என்று, அவள் நடப்பதைப் பார்த்த பின்னும், கிரிவலப் பாதையில் வருகிறவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள்.